உபயச் சுண்டலும் பட்டாணிப்பூ விதையும்

கொடி விதையை எப்படி முளைக்க வைப்பது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரப்போவதில்லை. அது பாக்கெட்டின் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது. அதற்கு மேலும் சந்தேகம் வந்தால் உங்கள் கையில் போன் இருக்கிறது. இந்த மலை மேல் கியா பார்ம் சாலையோரத்து நர்சரியில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவளைக் கூப்பிட்டு, "புதுசா சேர்ந்திருக்கிற பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டிருக்கிறீர்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்திருந்தால் என் வீட்டுக்காரர் இந்நேரம் கொஞ்சம் சதை போட்டிருப்பார். அதனால் சற்று நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கடைக்கு வருகிறவர்களில் கள்ளிச்செடி வாங்குகிறவர்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். காரில் வைத்துக்கொண்டு போவார்கள், மறந்துபோவார்கள், அதுவும் பிழைத்துக்கொள்ளும். கொடி விதை வாங்குகிறவர்கள் வேறு ரகம். வீட்டில் எங்கேயோ ஒரு வெறுஞ்சுவரோ வேலியோ அவர்கள் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் பூவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு வருவார்கள். சில வாரம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "செத்துப்போச்சு" என்று திரும்பி வருவார்கள்.

நான் சேர்ந்த புதிதில் எங்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர் அம்மா இருந்தார். அப்படித் திரும்பி வந்த ஒருவரிடம் நான், "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்துப்போனார். "என்ன செஞ்சீங்கன்னு கேட்டா போலீஸ் முன்னாடி நிக்கிற மாதிரி நிப்பாங்க. எங்க வெச்சீங்கன்னு கேளு. வீட்டையே சொல்லிடுவாங்க" என்றார். அவர் சொன்னது போலத்தான் நடந்தது. எங்கே வைத்தீர்கள் என்று கேட்கத் தொடங்கிய பிறகு, யார் வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை, யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்துபோனது. கொஞ்சம் வம்புதான். ஆனால் நம் வேலைக்கு அந்த வம்பு வேண்டியிருக்கிறது. அது எனக்கு நன்றாகப் புரிந்தது ஷாமினி விஷயத்தில்தான்.

நர்சரிக்குக் கீழே இருக்கும் தேயிலைத் தோட்டத்து லயனில், தொழிலாளர் வரிசை வீடுகளில்தான் நானும் குடியிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு அங்கே பேக்டரியில் வேலை. எங்களுக்கு அடுத்த வரிசையில் மாரியாயி வீடு. மாரியாயி தோட்டத்து நாற்றுமேட்டில் தேயிலைக் குச்சிகளை நட்டு நட்டே காலத்தை ஓட்டியவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் குமரன் காய்கறி லோரி ஓட்டுகிறான். கோலாலம்பூருக்கும் ஜோகூருக்கும் போனால் வீடு திரும்புவது எப்போது என்று அவனுக்கே தெரியாது. அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்தான் ஷாமினி, தெலுக் இந்தான் பக்கத்துப் பிள்ளை. வெயிலில் வளர்ந்தவளைக் கொண்டுவந்து இந்தப் பனிமூட்டத்துக்குள் விட்டால் எப்படி இருக்கும்? துவைத்த துணி காயாது. காலையில் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரைக்கும் சில்லிடும். இதெல்லாம்கூடப் பழகிவிடும். பேச்சுத் துணை இல்லாததுதான் அவளுக்குப் பழகவில்லை.

மாரியாயி கொடுமைக்கார மாமியார் இல்லை. அதை நான் எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சொல்வேன். ஆனால் அவளுக்குப் பேச வராது. "சாப்புட்டியா?" "சாப்புட்டேன் அத்தை." அதோடு அந்த வீட்டில் அன்றைய பேச்சு முடிந்துபோகும். மருமகளுக்கு என்று தனியாக மீன் எடுத்து வைப்பாள், அவளுக்குக் குளிரும் என்று தன் கம்பளியைக் கொண்டுபோய்ப் போடுவாள், எல்லாம் உம்மென்ற முகத்தோடுதான். புதிதாக வந்த பிள்ளை முகத்தைப் பார்ப்பாளா, கம்பளியைப் பார்ப்பாளா?

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், நவராத்திரிக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஷாமினி நர்சரிக்கு வந்தாள். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை, சும்மா நின்றாள். பேச்சு வாக்கில், "அம்மா வீட்டுக்கே போயிடலாம்னு இருக்குக்கா. போனா திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியல" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கு மனசு என்னவோ போல ஆகிவிட்டது. "பொறு, குமரன் வந்ததும் பேசலாம்" என்று சொன்னேன். அது என் காதுக்கே வெறும் பேச்சாகத்தான் கேட்டது. அதனால் அவள் கையில் ஒரு பொட்டலம் பட்டாணிப்பூ விதையைக் கொடுத்தேன்.

உங்களில் கடைக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாணிப்பூ மெல்லிய கொடி, பற்றுக்கம்பி விட்டு ஏறும், இந்தக் குளிர் அதற்கு ரொம்பப் பிடிக்கும். பூவுக்கு வாசமென்றால் அப்படி ஒரு வாசம். பெயரில்தான் பட்டாணி இருக்கிறது. விதை வாயில் வைக்கக்கூடாதது, உள்ளே போனால் உடம்புக்கு ஆகாது. ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு மறுநாள் நடச் சொன்னேன். "பிள்ளைங்க கைல படாம வை. வாயில வெச்சிடக் கூடாதும்மா" என்று இரண்டு தடவை சொன்னேன். அப்படிச் சொன்னதுதான் பின்னால் அத்தனை அமளிக்கும் காரணம். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

எங்கள் லயன் மாரியம்மன் கோயிலில் நவராத்திரி ஒன்பது நாளும் வீட்டுக்கு வீடு உபயம் எடுத்துச் செய்வார்கள். உபயம் யார் வீட்டுடையதோ அந்த வீட்டுச் சுண்டல்தான் அன்றைக்குப் பிரசாதம். மாரியாயி வீட்டு உபயத்தன்று நவதானியச் சுண்டல் என்பது ஊரறிந்தது. கடலை, மொச்சை, காராமணி, பாசிப்பயறு என்று என்னென்னவோ கலந்து, தேங்காய் துருவிப் போட்டு, மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளித்திருப்பாள். வாங்குவதற்குப் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு பூசை முடியுமுன்பே வரிசை கட்டிவிடும்.

அன்றைக்கும் கட்டிவிட்டன. நான் பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பூசாரி தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தார். அப்போது பின்னால் இருந்து யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். ஷாமினி. முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, விதையக் காணோம்கா."

"எந்த விதை?"

"நீங்க குடுத்தது. நேத்து கிண்ணத்துல ஊறப்போட்டேன். பக்கத்துலயேதான் அத்தை சுண்டலுக்கு ஊறப்போட்டிருந்தாங்க. இப்ப வந்து பாத்தா கிண்ணம் கழுவிக் கவுத்திருக்கு. ஒரு விதைகூட இல்லக்கா. அத்தை சுண்டல்ல சேத்துக் கொட்டிட்டாங்களோன்னு பயமா இருக்கு."

"காலையிலேயே பாக்கலியா நீ?"

"நான் காலையில தானா ராத்தா டவுனுக்குப் போயிட்டேன்." அவள் குரல் இறங்கியது. "பஸ் டிக்கெட் எடுக்க. நேத்து ராத்திரி அவரு போன் பண்ணாரு, லோட் கெடைச்சிருச்சாம், உபயத்துக்கு வர முடியாதாம். நாளைக்குக் காலையில நான் போறேன்கா. விதைய நீங்களாச்சும் நட்டு வைப்பீங்கன்னு குடுக்கலாம்னுதான் தேடுனேன்."

ஒரே மூச்சில் இரண்டு இடி. எதை முதலில் பிடிப்பது? மாரியாயியைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அவள் கோயிலில் இல்லை. மாலை கொண்டுவருகிறவன் வராமல் போனதால் கோயில் வேனில் பிரிஞ்சாங் டவுனுக்குப் பூ வாங்கப் போயிருந்தாள். நேரம் தவறக் கூடாதென்று பூசாரி பூசையைத் தொடங்கிவிட்டிருந்தார். பள்ளி விடுமுறை வேறு. விடுமுறையில் கார்கள் மொய்த்து நம் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். போன் போட்டேன், லைன் போகவில்லை. வேன் டிரைவருக்குப் போட்டேன், அதுவும் போகவில்லை.

சுண்டல் பானைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து கரண்டியால் கிளறிப் பார்த்தேன். விதையோடு குடித்தனம் நடத்தியவள் என்று பெயர்தானே தவிர, வெந்து தேங்காயில் புரண்ட பிறகு எது காராமணி, எது பட்டாணிப்பூ விதை என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாம் ஒரே கறும்பழுப்பாக இருந்தது. அதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. நர்சரிக்கு வரும் சில விதைகளில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மருந்து தூவியிருப்பார்கள். ஷாமினிக்குக் கொடுத்தது மருந்து போடாததுதான் என்று நினைத்தேன். ஆனால் 'நினைத்தேன்' என்பதை வைத்துக்கொண்டு ஒரு லயன் பிள்ளைகளுக்குச் சுண்டல் அள்ளிக் கொடுக்க முடியாது.

மணி அடித்து ஓய்ந்தது. பூசாரி கரண்டியை எடுத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நிறுத்த வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. என்ன சொல்லி நிறுத்துவது என்பதில்தான் திணறினேன். தேங்காய் ஊசிப்போய்விட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஊர் நம்பும், ஆனால் மாரியாயி உபயத்துக்கு ஊசின சுண்டல் வைத்தாள் என்ற பேச்சு அவள் காடு போகும் வரைக்கும் கூடவே வரும். உள்ளதை உள்ளபடி, ஷாமினி ஊறவைத்த விதை என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் காலை கொழுந்து பறிக்க மலைக்கு ஆள் ஏறுவதற்குள் அது "மருமக விஷம் வெச்சிட்டா" என்று ஆகியிருக்கும். அந்தப் பெண் ஊருக்குப் போவதற்கு அதற்கு மேல் காரணமே வேண்டாம், திரும்பி வருவதற்கு வழியும் இருந்திருக்காது.

நான் பூசாரியின் கையைப் பிடித்தேன். "சாமி, நிறுத்துங்க. யாரும் வாயில வைக்காதீங்க. எங்க நர்சரி விதை கொஞ்சம் தவறி இதுல விழுந்திருக்குமோன்னு சந்தேகம். நான் குடுத்த விதை. திங்கிற விதை இல்ல. தெரியிற வரைக்கும் பானைய மூடி வைங்க" என்றேன்.

கோயில் தலைவர் கொதித்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் குரல் மைக் வேண்டாத குரல். "என்னம்மா பேசுற நீ? அம்மனுக்குப் படைச்ச சுண்டல மூடி வைக்கிறதா? ஒன் நர்சரி விதை கோயில் பானைக்குள்ள எப்படி வந்துச்சு?"

"எப்படி வந்துச்சுன்னு அப்புறம் கேளுங்கண்ணே. இப்பப் பிள்ளைங்கள வாழைப்பழம் வாங்கச் சொல்லுங்க."

"நான் மொதல்லயே ஒரு கை வாயில போட்டுட்டேனே!" என்றார் தலைவர்.

தலைவர் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவம், வயிற்றைத் தடவிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணும் ஆகாதுண்ணே, ஒரு கைதானே. ஏதாச்சும் செய்யுதுன்னா உடனே சொல்லுங்க, கிளினிக் போயிடலாம்" என்று சொல்லி, வாசலில் காரைத் தயாராக நிறுத்தச் சொன்னேன். பானையை மூடி, அதன் பக்கத்தில் காவல் நாய் மாதிரி நானே உட்கார்ந்துகொண்டேன். யார் யாரோ என்னென்னவோ முணுமுணுத்தார்கள். நர்சரிக்காரிக்குத் திமிர் என்றது ஒரு குரல். காதில் விழாத மாதிரி இருந்தேன். ஷாமினி தூணுக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அந்த நேரம் முள் மேல் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. ஒன்றும் இல்லாத சுண்டலை மூடி வைத்திருந்தால் ஊர் சிரிக்கும். அதைத் தாங்கிக்கொள்ளலாம். உள்ளே விதை இருந்து, நான் சும்மா இருந்திருந்தால்? அந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டாலும் ஒரே விடைதான் வந்தது. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஒருவழியாக வேன் வந்தது. மாரியாயி மாலைகளை மடியில் போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வேறு யாராவது வாயைத் திறக்குமுன் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"மாரியாயி, அடுப்படியில கிண்ணத்துல ஒரு விதை ஊறிட்டிருந்துச்சே, அது எங்க?"

"எது? அந்தக் கறுப்பு விதையா? நட்டுட்டேன் லா."

"என்னது?"

"நட்டுட்டேன்னு சொல்றேன். நல்லா உப்பி வந்திருந்துச்சு. அப்படியே விட்டா தண்ணியிலயே அழுகிப் போகும்ல? காலையிலயே பேக்குல மண்ணு ரொப்பி நட்டு, பின்னால வெச்சிருக்கேன். ஏன், என்னாச்சு? எதுக்கு எல்லாரும் என்னையே பாக்குறீங்க?"

முதலில் சிரித்தது தலைவர்தான். உயிர் திரும்பி வந்தவர் அல்லவா! "அலாமா, பானையத் திறங்கப்பா!" என்று அவர் போட்ட சத்தத்தில் மணி தானாக ஆடியிருக்கும். முதல் பொட்டலம் எனக்குத்தான் என்று அவரே கொண்டுவந்து கொடுத்தார். வரிசையில் நின்றவர்கள் ஆளாளுக்கு, "அக்கா, இது திங்கிற விதையா, நடுற விதையா?" என்று கேட்டு என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். ரொம்ப நாளைக்கு அந்தக் கேலி ஓயவில்லை. போகட்டும்.

ஆனால் எனக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை. மறுநாள் காலை பஸ் இருந்தது.

விடிந்ததும் விதையைப் பார்க்கும் சாக்கில் மாரியாயி வீட்டுக்குப் போனேன். "பசியாறிட்டியா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்கும் காத்திராமல் என்னைப் பின்பக்கம் அழைத்துப்போனாள். ஷாமினி ஏன் வெளியில் எங்கேயும் விதையைக் காணவில்லை என்பது அங்கே போனதும் புரிந்தது. மாரியாயி அதைத் தேயிலை நாற்று மாதிரி நட்டிருந்தாள். தேயிலைக் குச்சியை வெயில் படாமல், காற்றுப் புகாமல், ஈரம் போகாமல் மூடித்தான் வளர்ப்பார்கள். அவள் கைக்குத் தெரிந்த ஒரே முறை அது. வீட்டுச் சுவரோரம் மூங்கிலை வளைத்து, பிளாஸ்டிக் போட்டு இறுக்கி, அதற்கு மேல் பெரணித் தழையை வெட்டிப் பரப்பியிருந்தாள். உள்ளே பிளாஸ்டிக்கில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. பட்டாணிப்பூவுக்கு இது ஆகவே ஆகாது. அதற்கு வெயில் வேண்டும், காற்று வேண்டும். இப்படி மூடி வைத்தால் அழுகிப் போகும்.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாரியாயி கேட்டாள்.

"லெச்சுமி, இது மொளைக்க எத்தினி நாளாவும்?"

"ஒரு வாரம், பத்து நாள்."

"பூக்கிறதுக்கு?"

"மூணு மாசம், அதுக்கு மேலயும் ஆகலாம்."

அவள் தழையைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். "நேத்து கூட்டும்போது கட்டிலுக்கு அடியில பேக்கப் பாத்தேன். துணியெல்லாம் மடிச்சி வெச்சிருக்கா. எனக்குப் பேசத் தெரியாது, ஒனக்குத்தான் தெரியுமே. இருன்னு சொல்லவும் வாய் வரல. விதை மொளைச்சிட்டா, பூவப் பாக்குற வரைக்குமாச்சும் இருப்பான்னு நெனச்சேன்."

நான் நிமிர்ந்தபோது பின்வாசலில் ஷாமினி நின்றாள். பயணத்துக்கு உடுத்தியிருந்தாள், தோளில் பை. எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவள் கண்ணைப் பார்த்தால் எல்லாம் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

பிளாஸ்டிக்கை எடு, வெயிலில் வை என்று சொல்வது என் வேலை. அதுதான் என் பிழைப்பு. ஆனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். முந்தின நாள் வாயைத் திறக்கத் தெரிந்ததைவிட இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கு நமநமவென்று அரித்தது.

ஷாமினி பையைக் கீழே வைத்தாள். வந்து மாமியாருக்குப் பக்கத்தில் குந்தினாள். பெரணித் தழையை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அத்தை, இதுக்கு வெயில் வேணும். இப்படி மூடக் கூடாது. அக்கா சொல்லிக் குடுத்திருக்காங்க. நீங்க அந்தப் பக்கம் பிடிங்க, வேலியோரமா கொண்டுபோயிடலாம்."

"வெயில்ல வெச்சா கருகிடாது?"

"கருகாது. நான் பாத்துக்கிறேன்."

அந்த வீட்டில் அவ்வளவு நீளமான பேச்சை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். மெதுவாக நழுவி வந்துவிட்டேன்.

விதையில் பாதி அழுகித்தான் போனது. ஒரு ராத்திரி மூடி வைத்ததற்கா, அதற்குப் பிறகு பெய்த மழைக்கா, தெரியாது. மிச்சம் இருந்தது வேலியைப் பிடித்து ஏறியது. ஒவ்வொரு இலை வந்ததற்கும் ஷாமினி நர்சரிக்கு வந்து தகவல் சொல்வாள். மாரியாயி தனியாக வந்து அதையே இன்னொரு தடவை சொல்வாள். குமரனையும் ஒரு நாள் பிடித்து உட்காரவைத்து நான் பேச வேண்டியதைப் பேசினேன். அது இங்கே எழுதுகிற மாதிரி இல்லை.

பொங்கலுக்கு ஷாமினி அம்மா வீட்டுக்குப் போனாள். அவள் போகும்போது கொடியில் அரும்புதான் இருந்தது. மாரியாயி பஸ் நிலையம் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தாள், வழக்கம் போல உம்மென்று. நாலைந்து நாள் கழித்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஷாமினி கேட்டிருந்தாள்: "அக்கா, பூ வந்துருச்சா? போட்டோ எடுத்து அனுப்புங்களேன்."

போனை எடுத்துக்கொண்டு போனேன். வேலி நிறைய பூத்திருந்தது, ஊதாவும் ரோஸுமாக. வாசம் தெருவரைக்கும் வந்தது. மாரியாயி முக்காலி போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் போனைத் தூக்கியதும் விறுவிறுவென்று எழுந்து வந்து கையால் அதை மறைத்துக்கொண்டாள்.

"பூத்துருச்சுன்னு மட்டும் சொல்லு. போட்டோ அனுப்பாத லா" என்றாள். "வந்து பாக்கட்டும்."